பிரேஸ்கேர்டிலும் இரண்டு கப்பல்களும்

மாணவர்களே, 1937ஆம் ஆண்டின் பிரேஸ்கேர்டில் சம்பவம் பற்றி நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் அறிந்திருப்பீர்கள். ஆண்டு, பெயர், தீர்ப்பு என்று மட்டும் மனனம் செய்தால் பரீட்சை முடிந்ததும் அது மறந்துவிடும். அவரை இலங்கைக்கு ஏற்றிவந்த கப்பலையும், அவரை வெளியேற்றுவதற்கென ஒழுங்கு செய்யப்பட்ட கப்பலையும் சேர்த்துப் படியுங்கள். சம்பவத்தின் முழுப் பொருளும் விளங்கும்.

இளமைக் காலம்

மார்க் அந்தனி லிஸ்டர் பிரேஸ்கேர்டில் 1912 செப்டெம்பர் 10ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். அவருடைய தாயார் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். இளவயதில் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பிரேஸ்கேர்டில், அங்கு ஓவியமும் விவசாயமும் பயின்றார். 1935இல் அந்நாட்டின் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பில் சேர்ந்தார்.

முதலாவது கப்பல்: பென்டிகோ

1936இல் தேயிலைச் செய்கையைப் பழகுவதற்காக அவர் பென்டிகோ என்னும் கப்பலில் இலங்கைக்கு வந்தார். இது பி அன்ட் ஓ கம்பனிக்காக 1922இல் ஸ்கொட்லாந்தின் கிரீனொக் நகரில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 13,000 மொத்தத் தொன். இங்கு தொன் என்பது நிறையன்று, கப்பலின் உட்கொள்ளளவாகும். 100 கன அடி ஒரு தொன்னாகக் கணிக்கப்பட்டது. பிரித்தானியாவிலிருந்து அவுஸ்திரேலியாவில் குடியேறச் சென்ற சாதாரண மக்களுக்காகவே இக்கப்பல் கட்டப்பட்டது. ஆகவே அதில் முதலாம் வகுப்பு இருக்கவில்லை. அதே 1936இல் அது உடைப்பதற்காக விற்கப்பட்டது.

தோட்டத்தில் கண்டவை

பிரேஸ்கேர்டில் கண்டி மாவட்டத்தின் மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் துரை வேலை பழகினார். வெள்ளைக்காரத் துரைமார் தொழிலாளரோடு நெருங்கிப் பழகாத காலம் அது. அவரோ லயங்களின் நிலையையும் தொழிலாளரின் துன்பங்களையும் கண்டு அவர்கள் பக்கம் நின்றார். அதனால் வேலையை இழந்தார். பின்னர், 1935 டிசெம்பரில் தொடங்கப்பட்ட லங்கா சமசமாஜக் கட்சியில் இணைந்தார்.

நீங்கள் ஹட்டன், நானுஓயாப் பக்கம் புகையிரதத்தில் செல்லும்போது நாவலப்பிட்டியைக் கடந்திருப்பீர்கள். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி அந்நகரில் ஒரு கூட்டம் நடைபெற்றது. இந்தியத் தலைவி கமலாதேவி சட்டோபாத்தியாயா அதில் உரையாற்றினார். திரண்டிருந்த தோட்டத் தொழிலாளர் முன்னிலையில் பிரேஸ்கேர்டிலும் தோட்ட நிர்வாகங்களின் சுரண்டலைக் கண்டித்துப் பேசினார். ஒரு வெள்ளைக்காரர் தமது பக்கம் நின்று பேசியது தொழிலாளருக்கு உற்சாகம் தந்தது. தோட்டத் துரைமாருக்கோ அச்சம் தந்தது.

இரண்டாவது கப்பல்: மூல்டான்

தேசாதிபதி சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். ஏப்ரல் 22ஆம் திகதி உத்தரவு கையளிக்கப்பட்டது. 24ஆம் திகதி மாலை 6 மணிக்குள் கொழும்பில் மூல்டான் கப்பலில் ஏற வேண்டும் என்பதே கட்டளை.

மூல்டானும் பி அன்ட் ஓ கப்பலே. 1923இல் பெல்பாஸ்ட் நகரில் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 600 அடி, அளவு 20,000 மொத்தத் தொன்னுக்கு மேல். முதலாம், இரண்டாம் வகுப்புப் பயணிகள் அதிற் சென்றனர். ஆனால் பிரேஸ்கேர்டில் அதில் ஏறவில்லை. கட்சித் தோழர்கள் அவரை மறைத்து வைத்தனர்.

மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் தேசாதிபதிக்கு எதிராகக் கண்டனப் பிரேரணை கொண்டுவந்தனர். உள்நாட்டு விவகாரப் பதில் அமைச்சரின் ஆலோசனையைப் பெறாது உத்தரவிட்டார் என்பதே குற்றச்சாட்டு. பிரேரணை 34க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அன்று காலிமுகத்திடலில் நடந்த பெருங் கூட்டத்தின் மேடையில் பிரேஸ்கேர்டில் திடீரெனத் தோன்றினார். சில நாட்களின் பின் கைதானார்.

தீர்ப்பு

உடனே ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. சட்டத்தரணி எச். வி. பெரேரா அவருக்காக வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் விசாரித்தனர். நாடுகடத்தும் அதிகாரம் 1896ஆம் ஆண்டின் ஆணையிலிருந்து பெறப்பட்டது. அது அவசரகால நிலைமைக்கு மட்டுமே உரியது என மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய அரசியற் கொள்கை சரியா, பிழையா என்று நீதிமன்றம் ஆராயவில்லை. தேசாதிபதியும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதே தீர்ப்பின் சாரம். விடையில் இதனைத் தெளிவாக எழுதுங்கள்.

பின்னர்

அதே ஆண்டின் பிற்பகுதியில் அவர் பிரித்தானியாவுக்குச் சென்றார். ஆனால் நாடுகடத்தப்பட்டவராக அல்ல, சுதந்திர மனிதராகவே சென்றார். 1999இல் காலமானார். மூல்டான் இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்கும் படையினரை ஏற்றவும் பயன்பட்டு, 1954இல் ஸ்கொட்லாந்தில் உடைக்கப்பட்டது.

இக்கப்பல்களின் நீளமும் தொன்னும் ஏட்டில் உள்ளன. உங்கள் மூதாதையர் எந்த வழியாக, எந்தக் கப்பலில் வந்தனர் என்பதோ பல குடும்பங்களில் மூத்தோரின் நினைவில் மட்டுமே உண்டு. இன்றே வீட்டிற் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் வரலாறே.

பயிற்சி வினாக்கள்

1. பிரேஸ்கேர்டில் தோட்ட வேலையை இழந்தமைக்கான காரணம் யாது?
2. அரசாங்க சபை தேசாதிபதியைக் கண்டித்தது ஏன்?
3. 1937 மே 18 தீர்ப்பின் முக்கியத்துவத்தை விளக்குக.