தம் மனத்தையே பாடமாக்கிய பேராசான்

பிறருடைய குணங்குறைகளை ஒரு நொடியில் எடைபோட்டுவிடும் நாம், நமது உள்ளம் இயங்கும் வகையை ஆராயப் பெரும்பாலும் முற்படுவதில்லை. அவ்வாராய்ச்சியைச் சாத்திரமாக வளர்த்து, வகுப்பறைக்கும் இல்லத்துக்கும் பயன்படுமாறு எளிமையாக்கித் தந்தோருள் முன்னிற்பவர் அமெரிக்கப் பேரறிஞர் வில்லியம் ஜேம்ஸ். அவர் கற்பித்த உளநூல் ஏட்டிலிருந்து மட்டும் பிறந்ததன்று. நோயிலும் சோர்விலுமிருந்து அவர் மீண்ட வரலாறே அதன் முதற்பாடம்.

1842ஆம் ஆண்டு சனவரி 11ஆந் திகதி நியூயோர்க் நகரில் அவர் பிறந்தார். பாட்டனார் அயர்லாந்திலிருந்து வந்து பெரும்பொருள் ஈட்டியவர். தந்தையார் ஹென்றி ஜேம்ஸ், இளமையில் நேர்ந்த தீ விபத்தினால் ஒரு காலை இழந்து, சமய ஆராய்ச்சியில் வாழ்நாளைக் கழித்தவர். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழெய்திய ஹென்றி, வில்லியத்தின் தம்பியாவார். தந்தையார் எந்தப் பாடசாலையிலும் நிறைவு காணாது பிள்ளைகளை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்குமாக மாற்றிக்கொண்டேயிருந்தார். அதனாற் பன்மொழிப் புலமை வாய்த்தது. ஆயின் ஒரு துறையில் ஊன்றி நிற்கும் உறுதி வாய்க்கவில்லை. வில்லியம் முதலில் ஓவியம் பயின்றார். 1861இல் அதனைக் கைவிட்டு ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்கப் புகுந்தார். பின்னர் வைத்தியத்துக்கு மாறினார். 1865இல் பேராசிரியர் அகாசிஸ் என்பாருடன் பிறேசில் சென்று, அமேசன் நதிப் பிரதேசத்தில் மீன்வகைகளைச் சேகரிக்க உதவினார். ஆங்கு அம்மை நோயால் வருந்தினார். 1869இல் வைத்தியப் பட்டம் பெற்றும், ஒருநாளேனும் வைத்தியராகத் தொழில் புரிந்தாரில்லர்.

பட்டம் பெற்ற வாலிபர் வீட்டில் முடங்கிக் கிடந்தார். முதுகுநோயும் கண்நோயும் உறக்கமின்மையும் உடலை வாட்டின. மனிதனும் ஓர் இயந்திரமே, அவன் விருப்பத்தால் ஆவது யாதுமில்லை என்ற ஐயம் உள்ளத்தை அதனினும் கொடிதாக வாட்டியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் இடையிடையே தலைகாட்டியது. ஒருநாள் அந்திவேளையில், முன்பு வைத்தியசாலையிற் கண்ட மனநோயாளி ஒருவனின் உருவம் மனக்கண்முன் தோன்ற, தாமும் அவ்வாறாகலாம் என்ற அச்சம் அவரை நடுங்க வைத்தது. பல்லாண்டுகளின் பின் இதனை எழுதியபோது, பிரெஞ்சுக்காரர் ஒருவரது அநுபவம் என்றே எழுதினார். தம்முடையதென்று பின்னரே ஒப்புக்கொண்டார். பேரறிஞரும் வெளியிற் கூற நாணிய துன்பம் அது.

1870ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி அவரது நாட்குறிப்பில் ஒரு திருப்பம் காணப்படுகின்றது. ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞரின் நூலைப் படித்த அவர், பல எண்ணங்கள் எழக்கூடிய வேளையிலும் ஒன்றையே தெரிந்து பற்றி நிற்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டென நம்பத் துணிந்தார். அந்நம்பிக்கையே தமது சுதந்திரத்தின் முதற் செயலாக இருக்கட்டும் எனத் தீர்மானித்தார். நோய் மறுநாளே நீங்கிவிடவில்லை. ஆயினும் நடக்க வேண்டிய திசை தெரிந்தது.

1873இல் ஹாவார்டில் உடற்றொழிலியல் கற்பிக்கத் தொடங்கியமை அவருக்கு மருந்தாயிற்று. 1875இல் உளநூல் வகுப்பை ஆரம்பித்தார். 1878இல் அலிஸ் கிபென்ஸ் என்னும் நங்கையை மணந்தார். அதே ஆண்டில், இரண்டாண்டில் ஒரு பாடநூல் எழுதித் தருவதாகப் பதிப்பாளர்க்கு வாக்களித்தார். இரண்டு ஆண்டு பன்னிரண்டாயிற்று. 1890இல் வெளிவந்த அப்பெருநூல் இரு பாகமாய், ஏறக்குறைய 1,400 பக்கங் கொண்டது.

அந்நூலிற் பழக்கத்தைப் பற்றிய அதிகாரம் மாணாக்கர் ஒவ்வொருவரும் அறியவேண்டியது. ஒருமுறை நீர் ஓடிய வாய்க்காலில் மறுமுறை அஃது எளிதாக ஓடுவதுபோல, ஒருமுறை செய்த செயல் நரம்புகளில் வழி வகுத்துவிடுகின்றது என்பது அவர் கொள்கை. ஆகவே நற்பழக்கத்தை முழு ஊக்கத்துடன் தொடங்குக. அது வேரூன்றும்வரை ஒருநாளும் விலக்களியாதே. நல்லெண்ணம் எழுந்தவுடன் அதனைச் செயலாக்கு. நாள்தோறும் விருப்பமில்லாத சிறு செயலொன்றையேனும் செய்து மனவலியைப் பேணுக. இவை அவர் வகுத்த நெறிகளின் சாரம். தன்மதிப்பைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். நாம் எய்திய வெற்றியை நமது ஆசையாற் பிரித்துவரும் ஈவே அது. வெற்றியைக் கூட்டினாலும் ஈவு உயரும், வீண் ஆசையைக் குறைத்தாலும் உயரும். ஓவியனாகும் கனவைக் கைவிட்டவர் கண்ட உண்மை இது.

1892 முதல் ஆசிரியர்க்கென அவர் நிகழ்த்திய விரிவுரைகள் 1899இல் நூலாயின. கீழைத்தேயச் சிந்தனையையும் அவர் மதித்தார். 1897இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் உரையாற்றிய சுவாமி விவேகானந்தரை, அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்காவிற் சந்தித்தார். 1902இல் வெளியிட்ட சமய அநுபவங்களைப் பற்றிய நூலிற் சுவாமிகளின் யோக விளக்கத்தையும் எடுத்தாண்டார்.

இருதய நோய் முற்றி 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆந் திகதி அவர் காலமானார். தயக்கமும் மனச்சோர்வும் இறுதிவரை அவரை முற்றாக விட்டகலவில்லை என்பதை மறைத்தல் வேண்டா. உறுதி வாய்ந்தவர் பலவீனர்க்கு வழங்கிய உபதேசமன்று அவருடையது. தாமே தள்ளாடிய ஒருவர், தமக்கென்று தேடிய ஊன்றுகோலைப் பிறர்க்கும் நல்கினார். தேர்வில் தவறியும் தொழிலில் தடுமாறியும் தம்மைத் தாமே இகழும் இளைஞர் எக்காலத்தும் உளர். இருபத்தெட்டாம் வயதில் எதற்கும் உதவாதவராய்த் தம்மைக் கருதிய ஒருவர் பின்னர் உலகுக்கே ஆசிரியரானார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. அவர் தொடங்கியது ஒரு சிறு தீர்மானத்திலேயே.