கடலடியைக் கண்ட கிளார்க்

வட்டவளைத் தோட்டத்து லயங்களில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் பலர் கடலைக் கண்டதில்லை. ஆயினும் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்தே இம்மலைநாட்டை அடைந்தார்கள். கோப்பித் தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர்களோடு ‘ஆதிலட்சுமி’ என்னும் கப்பல் மூழ்கிப்போன கதையை மலையகத்தின் மூத்தவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அவர்களுக்குக் கடலே கல்லறை. ஆகவே, கடலடியில் கிடப்பவற்றை மதிக்கக் கற்றுத்தந்த ஒருவருடைய வாழ்க்கை நமக்கும் தொடர்பில்லாததன்று. அவரே ஆதர் சி. கிளார்க்.

இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் கரையோர ஊரில் 1917 டிசம்பர் 16-இல் அவர் பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். வறுமையால் உயர்கல்வியைத் தொடர முடியாமல் கணக்குப் பரிசோதகராக அரச வேலைக்குச் சென்றார். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையின் ராடார் பிரிவில் பணியாற்றிய பின்னரே இலண்டனில் கணிதமும் பௌதிகமும் கற்றுத் தேறினார். செய்மதிகள் வழியாக உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இலேயே எழுதியவர் அவர்.

வானத்தை நோக்கியிருந்த அவரைக் கடல் இழுத்தது. 1954-இல் அவுஸ்திரேலியா செல்லும் வழியில் கொழும்பில் இறங்கினார். 1956-இல் இலங்கைக்கே வந்து குடியேறினார். நண்பர் மைக் வில்சன், இலங்கைச் சுழியோடி றொட்னி ஜொங்க்லாஸ் ஆகியோர் அவருக்குத் துணையாயினர்.

அவ்வாண்டே திருகோணமலைச் சுவாமி மலையடியில் அவர்கள் சுழியோடினார்கள். நீருக்குள் செதுக்கிய தூண்களும் சிற்பக் கற்களும் சிதறிக் கிடந்தன. அவை பழைய கோணேசர் ஆலயத்தின் இடிபாடுகள். 1620-களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா அவ்வாலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினான். அவனும் அவன் படையினரும் நம் விசுவாசத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் என்பதை நாம் மறைக்கலாகாது. அயலவர் கண்ணீரோடு நினைப்பதை நாம் தலைகுனிந்து நினைப்பதே நேர்மை. வில்சன் கடலடியில் கண்டெடுத்த சிவலிங்கம் கோயிலுக்கே திரும்பிச் சென்றது. 1963-இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கும் நடந்தது.

1961 மார்ச்சில் வில்சன், தென்கிழக்குக் கடலில் இராவணன் கோட்டை எனப்படும் பாறைத் தொடரருகே உடைந்த கப்பலொன்றைக் கண்டார். அங்கே சிறு பீரங்கிகளும், பவளப்பாறையோடு இறுகிக் கட்டியாகிப்போன வெள்ளி ரூபாய்களும் கிடந்தன. அவை ஔரங்கசீப் காலத்தில், ஏறக்குறைய 1702-இல், சூரத்தில் அச்சிடப்பட்டவை. கப்பலின் பெயர் தெரியவில்லை. அடுத்த ஆண்டே கிளார்க் கைகால் முடங்கிப் படுக்கையில் விழுந்தார். ஆயினும் 1963-இல், உடல் முற்றாகத் தேறாத நிலையில், அப்பாறைக்குச் சென்ற குழுவோடு அவரும் போனார். கடலடி ஆராய்ச்சியில் பயிற்சி பெற்ற பீற்றர் த்ரொக்மோட்டனும் உடன் வந்தார். கண்டவற்றை 1964-இல் கிளார்க் நூலாக எழுதினார்.

புதையலைக் கண்டதும் மனிதன் முதலில் விலையைத்தான் எண்ணுகிறான். ஆனால் ஒரு பொருள் எந்த இடத்தில், எதனருகே, எவ்வாறு கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. குறித்துக்கொள்ளாமல் பிடுங்கிவிட்டால் அவ்வரலாறு போய்விடும். நூற்றாண்டுகளாக உப்பு நீரில் ஊறிய மரம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இரும்பு காற்றுப் பட்டுப் பொடியாகும். உப்பை மெல்ல மெல்ல நீக்கிக் காக்க ஆண்டுகள் பிடிக்கும். ஆகையால் 2001-இல் யுனெஸ்கோ வகுத்த உடன்படிக்கை, நூறாண்டுக்கு மேலாக நீரில் கிடப்பவற்றை முதலில் கிடந்த இடத்திலேயே பேண வேண்டும் என்றும், வாணிபப் பொருளாக்கக் கூடாது என்றும் கூறுகிறது. அந்த அளவுகோலால் பார்த்தால், அன்று நாணயங்களை அள்ளியெடுத்த முறையிலும் குறையுண்டு. அக்காலத்தில் அனைவருமே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் நம் நாட்டுப் பிள்ளைகளே அக்கலையைக் கற்றார்கள். 1659-இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ‘அவொன்ட்ஸ்டர்’ என்னும் ஒல்லாந்தக் கப்பலை 2001 முதல் முறையாக ஆராய்ந்தார்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அவர்களுடைய ஆய்வு நிலையத்தை அழித்தது. ஹிக்கடுவையில் கிளார்க்கின் சுழியோடி நிலையமும் அன்றே அழிந்தது. எனினும் பணி நிற்கவில்லை. கொடவாயவில் சங்கு குளிப்போர் கண்டு சொன்ன, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கப்பலையும் ஆராய்ந்தார்கள்.

கிளார்க் 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக இருந்தார். இறுதி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்து, 2008 மார்ச் 19-இல் கொழும்பில் காலமானார். பொரளை மயானத்தில் அவர் உடல் அடக்கமாயிற்று. அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவரல்லர். சமயச் சடங்கு எதுவும் வேண்டாமென்றே சொல்லிச் சென்றார். ஆனாலும், பிறர் தொழுத கற்களை அவர் வியப்போடும் மரியாதையோடும் பார்த்தார்.

பெற்றோரே, திருகோணமலைக்கோ காலிக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, கடலிலிருந்து எடுத்த பழங்காசு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது விற்பவனுக்கும் சொந்தமில்லை, வாங்குபவனுக்கும் சொந்தமில்லை. மாண்டவர்களுடையது, இனிப் பிறப்பவர்களுடையது.