ரூம் நம்பர் 3327: டெஸ்லாவும் அடிபட்ட புறாக்களும்!

நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கெத்து உண்டு. வெளியூரில் யாராவது கரன்ட் போச்சு என்று புலம்பினால் லேசாகச் சிரித்துக்கொள்வோம். என்னமோ அந்த மொத்த கரன்ட்டையும் எங்க வீட்டுக் கொல்லையிலிருந்துதான் அனுப்பி வைக்கிற மாதிரி!

அந்த கெத்தெல்லாம் போன மே மாதம் காணாமல் போனது. லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அக்னி நட்சத்திர வெயில். ஹாலில் சீலிங் ஃபேன் ஆஃப். காரணம், ஒரு புறா.

பின்பக்க சன்ஷேடில் கிடந்த புறா அது. இரண்டு காலும் நைலான் நூலில் பின்னிப்போய் நடக்க முடியாமல் விழுந்து கிடந்தது. அம்மா பழைய துண்டைப் போர்த்தி அதைப் பிடித்துக்கொள்ள, நான் சின்னக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. முழுசாக எடுக்க அரை மணி நேரம் ஆனது. ஒரு விரல் கறுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, அந்த விரல் தானாகக் காய்ந்து விழுந்துவிடும், மற்றதெல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்றார். அதன் பிறகு ஹால் மூலையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் புறா. அது திடீரென்று பறந்தால் என்ன ஆகும் என்று ஃபேனுக்குத் தடை.

அப்பா அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டியை எட்டிப் பார்த்தார். டெஸ்லாவும் கடைசிக் காலத்தில் இதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிட்டு, பேப்பரால் விசிறிக்கொண்டே போய்விட்டார்.

டெஸ்லா என்றதும் உங்களுக்கு கார்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். அந்த காருக்குப் பெயர் வரக் காரணமான மனிதர், நியூயார்க் ஹோட்டல் அறைகளில் அடிபட்ட புறாக்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரியும். புறா தூங்கும் நேரத்திலெல்லாம் அவரைப் பற்றிப் படித்தேன். வாங்க, உங்களுக்கும் சொல்றேன்.

நிகோலா டெஸ்லா பிறந்தது 1856 ஜூலை 10. ஊர் ஸ்மில்யான், இன்றைய குரோஷியாவில் இருக்கும் ஒரு கிராமம். (நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது 1956. சரியாக நூறு வருஷம். சும்மா ஒரு தற்செயல்தான், ஆனால் அப்பாவுக்கு இதில் பெரிய சந்தோஷம்.) அப்பா செர்பிய ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். அம்மா பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் வீட்டு வேலைக்கு வேண்டிய சின்னச் சின்னக் கருவிகளைத் தானே செய்துகொள்ளும் கைவண்ணக்காரர். மகனின் கண்டுபிடிப்புப் புத்தி அங்கிருந்துதான் வந்தது.

மின்சாரத்தை டெஸ்லா முதன்முதலில் பார்த்தது எங்கே தெரியுமா? ஒரு பூனையின் முதுகில்! வீட்டில் மாச்சக் என்று ஒரு கறுப்புப் பூனை இருந்தது. குளிரும் வறட்சியுமான ஒரு மாலை நேரத்தில் குட்டிப் பையன் அதன் முதுகைத் தடவ, கைக்குக் கீழே பொறி பறந்தது. மின்னலும் இதுவும் ஒன்றுதான் என்று அப்பா விளக்கினார். வீடு பற்றிக்கொள்ளப் போகிறது, பூனையை விடு என்று அம்மா அதட்டினார். எண்பது வயதைத் தாண்டிய பிறகும் ஒரு சிறுமிக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சம்பவத்தை அவர் ஆசையாக விவரித்திருக்கிறார்.

இளம் வயதில் காலரா வந்தது. ஒன்பது மாதம் படுத்த படுக்கை, பல முறை சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். மகனைப் பாதிரியாராக்க நினைத்திருந்த அப்பா, பிழைத்து எழுந்தால் இன்ஜினீயரிங் படிக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்க, பையன் எழுந்து உட்கார்ந்தான். ஆனால் கிருமி பற்றிய பயம் ஆயுசு முழுக்க கூடவே வந்தது. யாரோடும் கைகுலுக்க மாட்டார். சாப்பாட்டு மேஜையில் பதினெட்டு நாப்கின் வைத்தாக வேண்டும், தட்டு, ஸ்பூன் எல்லாவற்றையும் ஒரு தடவை துடைத்த பிறகுதான் சாப்பாடு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், வேகமாகத் தாண்டிவிடலாம். 1882-ல் புடாபெஸ்ட் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, சுழலும் காந்தப்புலத்தால் மோட்டாரை ஓடவைக்கும் யோசனை வந்தது. 1884-ல் அமெரிக்கா. எடிசன் கம்பெனியில் சில மாத வேலை, பிறகு பிரிவு. ஒரு கட்டத்தில் தினம் இரண்டு டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார். 1888-ல் அவருடைய மாறுமின்னோட்டக் காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் எடுத்துக்கொண்டது. 1896-ல் நயாகரா அருவியிலிருந்து பஃபலோ நகரத்துக்கு மின்சாரம் போனது. எங்கேயோ ஓர் இடத்தில் கரன்ட் தயாரித்து, ரொம்ப தூரத்தில் இருக்கும் ஊருக்கு அனுப்பலாம் என்று உலகம் நம்பியது அப்போதுதான். நெய்வேலியில் நிலக்கரி எரிந்தால் சென்னையில் லைட் எரிவதும் அதே வழிதான். அதே 1896-ல் நியூயார்க்கில் சுவாமி விவேகானந்தரைச் சந்தித்து வேதாந்தம் பேசியிருக்கிறார் என்பது கூடுதல் தகவல்.

அட, எங்கள் ஹாலில் ஆஃப் செய்து வைத்திருந்த சீலிங் ஃபேன்கூட அந்த புடாபெஸ்ட் பூங்கா யோசனையின் வாரிசுதான்.

பணம் மட்டும் அவர் கையில் நிற்கவே இல்லை. கம்பெனி நெருக்கடியில் இருந்தபோது ராயல்டியை விட்டுக்கொடுத்தார். கம்பியே இல்லாமல் உலகத்துக்குச் செய்தியும் மின்சாரமும் அனுப்புகிறேன் என்று 1901-ல் நியூயார்க் பக்கத்தில் ஒரு பெரிய கோபுரம் கட்ட ஆரம்பித்தார். பணம் போட்டவர் பாதியில் கைவிரித்துவிட்டார். தங்கியிருந்த வால்டார்ஃப்-அஸ்டோரியா ஹோட்டல் பாக்கிக்கு அந்த இடத்தையே எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1917-ல் கோபுரத்தை இடித்தார்கள்.

அதே 1917 மே மாதத்தில் அவருக்கு ஒரு விருது. பெயர், எடிசன் பதக்கம்! யார் பெயரில் விருது என்பதைப் பாருங்கள். முதலில் வேண்டாம் என்றவரை நண்பர் ஒருவர் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். விருந்து முடிந்து எல்லோரும் அரங்கத்துக்குப் போனால், விழா நாயகனைக் காணோம். பாத்ரூம் முதல் வராந்தா வரை தேடியிருக்கிறார்கள். கடைசியில் அந்த நண்பருக்குப் பொறி தட்டி, எதிரில் இருந்த பிரையன்ட் பூங்காவுக்கு ஓடினார். அங்கே மாலை நேர உடையில், தலையிலும் தோளிலும் கையிலும் புறாக்களோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தார் டெஸ்லா. அவருடைய வாழ்க்கையை எழுதிய ஜான் ஓ'நீல் சொல்லும் காட்சி இது. பதினெட்டு நாப்கின் கேட்ட அதே மனிதர்தான்!

பூங்காவில் புறாவுக்குத் தீனி போடுவது எல்லா ஊரிலும் வயசானவர்கள் செய்வதுதான். டெஸ்லா அதோடு நிற்கவில்லை. ராத்திரியில் நூலகம், தேவாலயம் என்று ஒரு சுற்று நடப்பார். மெல்ல விசில் அடித்தால் புறாக்கள் இறங்கி வரும். அந்தக் கூட்டத்தில் சிறகு தொங்குவது எது, நொண்டுவது எது, ஒதுங்கி உப்பிப்போய் உட்கார்ந்திருப்பது எது என்று பார்ப்பார். அதைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குப் போய்விடுவார். அறையில் கூடைகள், கூண்டுகள், தானிய மூட்டை. குணமானால் ஜன்னல் வழியாக வெளியே. குணமாகாவிட்டால் கூடவே.

பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததால் எனக்கு ஒன்று புரிந்தது. கேட்பதற்கு ஈஸியாக இருக்கும் இந்த வேலை, செய்யும்போது அப்படி இல்லை. நோய்ப்பட்ட புறாவுக்கு முதலில் வேண்டியது சாப்பாடே இல்லை, சூடும் இருட்டும் அமைதியும்தான். தண்ணீரை வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். புறா அலகை முழுசாக முக்கி உறிஞ்சிக் குடிக்கும் பறவை, அதனால் கொஞ்சம் ஆழமான கிண்ணம் வைத்தால் அதுவே குடிக்கும். பாலும் பிரெட்டும் ஆகாது. கம்பு, சோளம், பச்சைப்பயறு, பட்டாணி போதும். எச்சத்தின் நிறத்தைத் தினமும் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் மேலே, அது நம்மைப் பார்த்துப் பயந்து நடுங்குவதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். டெஸ்லா இதை ஒன்றிரண்டு நாள் செய்யவில்லை, பல வருஷங்கள் செய்தார்.

அதில் ஒரு புறா மட்டும் தனி. வெள்ளைப் பெண்புறா, சிறகு நுனியில் மட்டும் லேசான சாம்பல் நிறம். எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் அவருடைய விசிலுக்கு வந்துவிடுமாம். அதன் சிறகும் காலும் உடைந்தபோது, எலும்பு கூடும் வரை உடம்பை வலிக்காமல் தாங்கிப் பிடிக்க ஒரு சாதனத்தையே அவர் செய்தார் என்றும், அந்தப் புறாவுக்காக 2,000 டாலருக்கு மேல் செலவழித்தார் என்றும் சொல்லப்படுகிறது. ஹோட்டல் பில் கட்டக் காசில்லாத காலம் அது! ஒருநாள் அலுவலகத்தில் இருந்தபோது அவருக்கே உடம்பு முடியாமல் போனது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லவில்லை. ஹோட்டலுக்கு போன் போட்டு, என் அறையில் இருக்கும் வெள்ளைப் புறாவுக்குத் தீனி வைக்கச் சொல் என்று செயலாளரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை மகானாக்கிவிட வேண்டாம். ஹோட்டல்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காய்ந்த புறா எச்சத்தின் தூசி நுரையீரலுக்குக் கேடு, அதைச் சுத்தம் செய்தது டெஸ்லா இல்லை, அங்கே வேலை பார்த்த பெண்கள். (எங்கள் வீட்டில் பேப்பரை ஈரமாக்கி, மாஸ்க் போட்டுக்கொண்டு மாற்றினோம். அதிலும் பாதி நாள் அம்மாதான்.) பாக்கியும் புறாவும் சேர்ந்து ஒவ்வொரு ஹோட்டலாகக் காலி செய்ய வைத்தன. ஒருமுறை மனசைக் கல்லாக்கிக்கொண்டு, புறாக்களைக் கூடையில் போட்டு ஊருக்கு வெளியே முன்னாள் உதவியாளர் ஒருவர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். திறந்துவிட்டதுதான் தாமதம், எல்லாம் ஹோட்டல் ஜன்னலுக்கே திரும்பி வந்துவிட்டன. புறாவிடம் போய் அட்ரஸ் மாற்ற முடியுமா?

வெள்ளைப் புறாவின் கடைசி நாளை டெஸ்லாவே இரண்டு பத்திரிகையாளர்களிடம் சொல்லியிருக்கிறார். அதில் ஒருவர் ஓ'நீல். ராத்திரி இருட்டில் படுத்திருந்தபோது அது ஜன்னல் வழியாக வந்து மேஜையில் உட்கார்ந்தது. தான் சாகப் போவதைச் சொல்ல வந்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அதன் கண்களிலிருந்து ஒரு வெளிச்சம், அவருடைய ஆய்வகத்தில் எந்த விளக்கும் தராத அளவுக்குக் கூசும் வெளிச்சம் வந்தது என்றார். புறா இறந்ததும், தன் வாழ்நாள் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றியதாம். இதை வைத்து அவருக்குப் பைத்தியம் என்று எழுதியவர்கள் உண்டு. கண்ணில் வெளிச்சம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால், வாரக்கணக்கில் கவனித்துக் காப்பாற்றிய ஓர் உயிர் கையில் போகும்போது, எல்லாம் முடிந்துவிட்டதாக ஒருவருக்குத் தோன்றினால் அதைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1934-ல் நியூயார்க்கர் ஹோட்டலுக்கு மாறினார். 33-வது மாடி, ரூம் நம்பர் 3327. மூன்றால் வகுபடும் எண்களில் அவருக்கு ஒரு பிடிவாதம். வாடகையோடு மாதம் 125 டாலரும் வெஸ்டிங்ஹவுஸ் கொடுத்தது. அங்கேயும் புறாக்கள் வந்தன.

1937-ல், 81 வயதில், நள்ளிரவில் புறாக்களுக்குத் தீனி போடக் கிளம்பியவரை ஒரு டாக்ஸி இடித்துத் தள்ளியது. மூன்று விலா எலும்புகள் முறிந்தன. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ரூமுக்கே திரும்பினார். போய்ச் சேர்ந்ததும் ஒரு தந்தி ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு, தான் பாதியில் விட்ட தீனியைப் போட்டுவிட்டு வரச் சொன்னார். நிமோனியாவும் சேர்ந்துகொள்ள, மாதக்கணக்கில் படுக்கை. அத்தனை நாளும் அந்தப் பையன்தான் புறாக்களிடம் போய் வந்தான். அடிபட்ட புறா ஏதாவது இருந்தால் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதும் அவன் வேலையில் சேர்த்தி.

1943 ஜனவரி 7. தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு டெஸ்லா உள்ளே இருந்தார். மறுநாள் பணிப்பெண் கதவைத் திறந்தபோது உயிர் இல்லை. வயது 86. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சேமிப்பும் இல்லை. இறுதிச் சடங்குக்கு இரண்டாயிரம் பேர் வரை வந்தார்கள். காந்தப்புலத்தின் அடர்த்தியை அளக்கும் அலகுக்கு 1960-ல் அவர் பெயரை வைத்தார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனால் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்று சொல்வார்களே, அது இவர்தான். பிரையன்ட் பூங்காவின் ஓரத்தில், அவர் தீனி போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு தெருமுனைக்கும் அவர் பெயர் இருக்கிறது.

எங்கள் புறா பதினோராவது நாள் பெட்டியிலிருந்து தானாக வெளியே வந்தது. கறுத்த விரல் அதற்குள் விழுந்துவிட்டது. ஹாலை இரண்டு சுற்றுச் சுற்றி, டி.வி மேல் உட்கார்ந்து எச்சம் போட்டது. அப்பா எழுந்து போய் ஜன்னலை முழுசாகத் திறந்து வைத்தார். கொஞ்ச நேரம் கம்பியில் உட்கார்ந்து வெளியே பார்த்தது, பிறகு எதிர் குவார்ட்டர்ஸ் தண்ணீர் டேங்க் பக்கம் பறந்துவிட்டது.

யாரும் மறந்துபோய் ஃபேனைப் போட்டுவிடக் கூடாது என்று ஸ்விட்ச் மேல் அம்மா செல்லோடேப் ஒட்டியிருந்தார். அதை உரித்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினேன். அந்த நேரம் பார்த்து கரன்ட் இல்லை.