கல்லுப்பட்டி குமரப்பாவும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும்

எல்லாத்தையும் எலக்ட்ரானிக்ஸே பார்த்துக்கிட்டா ஸ்போர்ட்ஸ் கார்ல நமக்கு என்ன வேலைன்னு ஹாஸ்டல்ல சண்டை போடுறோம். மெஷின் வேலையைச் செஞ்சா மனுசனுக்கு என்ன மிச்சம்னு வாழ்நாள் முழுக்கக் கேட்டவர் ஜே.சி. குமரப்பா.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை, கொலம்பியாவில் பொருளாதாரம். 1929-ல் காந்தியைச் சந்தித்தபின் கோட்டு போய் கதர் வந்தது. வார்தாவில் மரச்செக்கு, கைக்காகிதத் தொழில்களை மேம்படுத்தப் பாடுபட்டார். கருவிக்கு எதிரி இல்லை. உடம்பு வலியைக் குறைக்கிறது சரி, கைத்திறனைப் பிடுங்குறதுதான் ஆகாது. கடைசிக் காலம் நம்ம டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளிலேயே மறைந்தார்.

அவர் கணக்குல ஏபிஎஸ் பாஸ் ஆயிடும். ஆனா வளைவுல டயர் வழுக்க ஆரம்பிச்சதுமே நாம மிதிச்ச ஆக்சிலரேட்டரைத் தானே குறைக்கிற டிராக்‌ஷன் கன்ட்ரோல்? சந்தேகம்தான். (ஸ்போர்ட்ஸ் காரே எதுக்குன்னு கேட்டிருப்பார், அது வேற கதை.)