பக்கச் சக்கரம் இல்லாத முதல் வண்டி

குட்டீஸ்... பரீட்சை முடிந்ததும் புது சைக்கிள் வேண்டும் என்று வீட்டில் கேட்டு வைத்திருக்கிறீர்களா? அதுவும் வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், கியர் எல்லாம் உள்ள ரேஸ் சைக்கிள்தான் வேண்டுமா? ஆனால், ஓட்டத் தெரியாதே! 'பரவாயில்லை, விழாமல் இருக்கப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டிக் கொள்ளலாம்' என்று நினைக்கிறீர்களா?

சற்றுப் பொறுங்கள். கடைக்குப் போவதற்கு முன், இரண்டு சக்கர வண்டியை உலகுக்குக் கொடுத்தவரின் கதையைப் படித்துவிடுங்கள். அவருக்குப் பக்கச் சக்கரமும் இல்லை. சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை!

அவர் பெயர் கார்ல் ட்ரைஸ். 1785ம் ஆண்டு, ஏப்ரல் 29ம் தேதி, கார்ல்ஸ்ரூ நகரில் பிறந்தார். இன்று அந்த நகரம் ஜெர்மனியில் இருக்கிறது. அப்போது ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. பாடன் என்ற சிறிய நாட்டின் தலைநகராக அது இருந்தது. ட்ரைஸின் அப்பா அந்த நாட்டில் பெரிய நீதிபதி. பிரபுக்கள் குடும்பம். மகன் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, வனத்துறை அதிகாரி ஆனார்.

ஆனால், அவருடைய மனமெல்லாம் இயந்திரங்கள் மீதுதான். பியானோ வாசிக்கும்போதே அந்த இசையைத் தாளில் பதிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். பிறகு, குதிரை இல்லாமல் ஓடும் வண்டி செய்ய ஆசைப்பட்டார். 1813ல், உள்ளே இருப்பவர்களின் உடல் பலத்தால் ஓடும் நான்கு சக்கர வண்டியைச் செய்து காட்டினார். அதற்கு அரசு உரிமம் கிடைக்கவில்லை. பெரும் மன்னர்கள் கூடிய வியன்னா மாநாட்டுக்கே அதைக் கொண்டு போய்க் காட்டினார். அங்கும் யாரும் கண்டு கொள்ளவில்லை.

மனம் தளர்ந்து விட்டாரா? இல்லை. நான்கு சக்கரத்தை இரண்டாகக் குறைத்தார்!

* நிற்காத வண்டி ஓடியது எப்படி?

அந்தச் சமயம் ஐரோப்பாவில் பெரும் பஞ்சம். 1815ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் புகை வானத்தை மறைத்ததால், 1816ல் கோடைகாலமே வரவில்லை. பயிர் விளையவில்லை. குதிரைகளுக்குப் போடும் ஓட்ஸ் விலை எகிறியது. குதிரைக்குத் தீனி இல்லாத இந்த நிலைமைதான் ட்ரைஸை இரண்டு சக்கர வண்டிக்குத் தூண்டியது என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வேறு சிலர் இதை ஏற்பதில்லை.

வண்டியை அவர் மரத்தால் செய்தார். எடை 22 கிலோ அளவு. முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரங்கள். நடுவில் உட்கார இருக்கை. முன் சக்கரத்தைத் திருப்ப ஒரு பிடி. பெடல் கிடையாது, செயின் கிடையாது. உட்கார்ந்தபடியே கால்களால் தரையை மாறி மாறி உந்த வேண்டும். வண்டி வேகம் எடுத்ததும் காலைத் தூக்கிக் கொண்டால், அது பாட்டுக்கு உருண்டு போகும். இதற்கு ஜெர்மன் மொழியில், 'ஓடும் இயந்திரம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

கடந்த 1817ம் ஆண்டு, ஜூன் 12ம் தேதி, மான்ஹைம் நகரிலுள்ள தன் வீட்டிலிருந்து இந்த வண்டியில் கிளம்பினார். ஷ்வெட்சிங்கன் என்ற ஊருக்குப் போகும் நல்ல சாலையில், தபால் குதிரைகளை மாற்றும் விடுதி வரை சென்று திரும்பினார். போக 7 கி.மீ., வர 7 கி.மீ., இருக்கும். ஆன நேரம் ஒரு மணிக்கும் குறைவு!

நிறுத்தி வைத்தால் சாய்ந்து விழுகிற வண்டி, ஓடும்போது மட்டும் ஏன் விழவில்லை? ரகசியம் முன் சக்கரத்தில் இருக்கிறது. வண்டி இடது பக்கம் சாய்கிறதா? பிடியைக் கொஞ்சம் இடது பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள், சாய்கிற உடம்புக்கு அடியில் வந்து, வண்டியை நிமிர்த்தி விடும். வலது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் திருப்ப வேண்டும். ட்ரைஸ் தன் வண்டியைப் பற்றி எழுதிய குறிப்பிலேயே இந்த யோசனையைச் சொல்லி இருக்கிறார். இன்று சைக்கிள் ஓட்டும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, இதைத்தான் செய்கின்றனர்.

* புகழும், துன்பமும்!

மறு ஆண்டே, 1818 ஜனவரியில், பாடன் அரசு அவருக்கு 10 ஆண்டுகளுக்கு உரிமம் வழங்கியது. பேராசிரியர் பட்டமும், ஓய்வூதியமும் கிடைத்தன. பாரிசிலும், லண்டனிலும் இந்த வண்டி பரவியது. ஆனால், உரிமம் பாடன் எல்லைக்குள் மட்டும்தானே செல்லும்? வெளிநாடுகளில் பலர் அதைப் பார்த்துச் செய்து விற்றனர்.

குண்டும் குழியுமான சாலையில் மரச் சக்கரம் ஓடாது. அதனால், எல்லாரும் நடைபாதையில் ஓட்டினர். நடப்பவர்கள் மீது மோதினர். மான்ஹைமிலேயே நடைபாதையில் ஓட்டத் தடை வந்தது. லண்டனிலும், நியூயார்க்கிலும் 1819ல் தடை வந்தது. வண்டியின் மவுசு போய்விட்டது.

இன்னொரு துன்பமும் சேர்ந்தது. 1819ல் மான்ஹைமில் ஒரு நாடக ஆசிரியரை, மாணவர் ஒருவர் கொன்றார். அவருக்கு 1820ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த மாணவரை வீரராக நினைத்தவர்கள், நீதிபதியான தந்தை மீதிருந்த கோபத்தை மகன் மீது காட்டினர். ட்ரைஸ் கடல் கடந்து பிரேசில் நாட்டுக்குப் போய், 1822 முதல் 1827 வரை நிலம் அளக்கும் வேலை பார்த்தார்.

திரும்பி வந்தும் சும்மா இருக்கவில்லை. சுருக்கெழுத்து இயந்திரம், விறகு அதிகம் செலவாகாத அடுப்பு என்று செய்து கொண்டே இருந்தார். தண்டவாளத்தில் ஆட்களே ஓட்டிச் செல்லும் சிறிய வண்டிக்கு, ஜெர்மனியில் இன்றும் அவர் பெயரை ஒட்டித்தான், 'ட்ரைசீனே' என்று பெயர்.

கடந்த 1849ல் பாடனில் மன்னராட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தனர். அப்போது ட்ரைஸ், தன் பிரபு பட்டத்தை வேண்டாம் என்று துறந்து, இனி சாதாரணக் குடிமகன் என்று அறிவித்தார். புரட்சி அடக்கப்பட்டது. மன்னரின் ஆட்கள் அவரைப் பைத்தியம் என்று முத்திரை குத்தப் பார்த்தனர். ஓய்வூதியம் பறிபோனது. 1851 டிசம்பர் 10ம் தேதி, பிறந்த ஊரிலேயே வறுமையில் இறந்தார்.

அவர் இறந்த பிறகு, 1860களில் பாரிசில் முன் சக்கரத்துக்குப் பெடல் வைத்தனர். 1885ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, செயினால் பின் சக்கரத்தை ஓட்டும் சைக்கிளைச் செய்தார். இன்றைய ரேஸ் சைக்கிளும் அந்த உருவம்தான். ஜெர்மனி சைக்கிள்காரர்கள் ட்ரைஸை மறக்கவில்லை. 1893ல் கார்ல்ஸ்ரூவில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினர். 2017ல், வண்டியின் 200வது ஆண்டுக்கு, ஜெர்மனி 20 யூரோ நாணயம் வெளியிட்டது.

* சரி, பக்கச் சக்கரம் வாங்கலாமா?

சின்னக் குழந்தைகளின் சைக்கிள் என்றால் வாங்கலாம். சைக்கிளின் சக்கர அளவுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து கொஞ்சம் மேலே நிற்க வேண்டும்.

ஆனால், ரேஸ் சைக்கிளுக்கு அது சரிப்படாது. ஏன் தெரியுமா? பின் சக்கரத்தின் அச்சில்தான் அதை மாட்ட வேண்டும். அங்கே கியர் இடத்தை அடைத்துக் கொண்டிருக்கும். அதைவிட முக்கியமான காரணம், ரேஸ் சைக்கிள் வளைவில் சாய்ந்துதான் திரும்பும். பக்கச் சக்கரம் சாய விடாது. மீறிச் சாய்த்தால், அது தரையில் ஊன்றி, பின் சக்கரத்தையே தூக்கிவிடும். சாயாமல் பழகினால், சாயும்போது எப்படித் திருப்புவது என்பது வரவே வராது.

வேறு என்ன வழி? ட்ரைஸ் காட்டிய வழிதான். பெரியவர்களிடம் சொல்லி, இரண்டு பெடல்களையும் கழற்றச் சொல்லுங்கள். இடது பெடலின் மரை தலைகீழாக இருக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்குங்கள். அப்படியும் கால் எட்டவில்லையா? அந்த சைக்கிள் உங்களுக்குப் பெரியது. அக்கா, அண்ணனின் பழைய சின்ன சைக்கிளில் முதலில் பழகுங்கள்.

வண்டிகள் வராத மைதானத்துக்குப் போங்கள். ஹெல்மெட் மாட்டிக் கொள்ளுங்கள். கூடப் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். காலால் உந்தி உந்திப் போங்கள். பிறகு காலைத் தூக்கிப் பாருங்கள். சாய்கிற பக்கமே ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். காலை ஊன்றாமல் நீண்ட தூரம் உருளத் தெரிந்து விட்டால், பெடலை மாட்டி மிதிக்கலாம்.

பிரேக் பிடிக்க மட்டும் முதல் நாளே பழகிவிடுங்கள், குட்டீஸ்!