எண்களோடு வாழ்ந்த ஆய்வாளர்

கணித மேதை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் இராமானுஜன். அவருக்குப் பின், எண்களைப் பற்றிய ஆய்வில் உலகக் கணித அறிஞர்களின் கவனத்தை ஈர்த்த தமிழர் எஸ். எஸ். பிள்ளை. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை என்பது அவரது முழுப்பெயர்.

அவர் 1901ஆம் ஆண்டு, குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லம் என்னும் ஊரில் பிறந்தார். பிறந்த ஓராண்டிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் வேளையில் தந்தையும் காலமானார். அத்துடன் அவரது கல்வியே நின்றுவிடும் நிலை ஏற்பட்டது. அவருடைய திறமையை அறிந்திருந்த ஆசிரியர் ஒருவர் பொருளுதவி செய்து, அவரைத் தொடர்ந்து படிக்க வைத்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளை, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

1929இல் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு விரிவுரையாளர் பணி கிடைத்தது. அங்கு 1941 வரை பணியாற்றினார். அந்த ஆண்டுகளில் அவர் சிந்தனையை ஆட்கொண்டது ஒரு பழைய கேள்வி. அதை எழுப்பியவர் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர். எழுப்பிய ஆண்டு 1770.

அந்தக் கேள்வி என்ன? 1, 4, 9, 16 போன்றவை வர்க்க எண்கள். எந்த முழு எண்ணையும் வர்க்க எண்களின் கூட்டலாக எழுத, நான்கு எண்கள் போதும். எடுத்துக்காட்டாக, 23 என்பது 9, 9, 4, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. வர்க்கத்துக்குப் பதிலாக ஆறாம் அடுக்கு எண்களை எடுத்துக்கொண்டால் எத்தனை தேவைப்படும்? 1, 64, 729 ஆகியவை முதல் மூன்று ஆறாம் அடுக்கு எண்கள். இப்போது 703 என்ற எண்ணை எழுதிப் பாருங்கள். 729 அதைவிடப் பெரியது. எனவே பத்து 64களும் அறுபத்து மூன்று 1களும் வேண்டும். மொத்தம் 73 எண்கள்!

703க்கு 73 தேவை என்பதை நாமே கணக்கிட்டுவிடலாம். ஆனால், எவ்வளவு பெரிய எண்ணானாலும் 73 போதும் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? எண்களுக்கு முடிவே இல்லை. ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆயுள் போதாது. கோடிக்கணக்கான எண்களைச் சோதித்தாலும் அடுத்த எண் நம்மை ஏமாற்றிவிடலாம். எல்லா எண்களுக்கும் பொருந்தும் நிறுவல் வேண்டும். பிள்ளை பல ஆண்டுகள் உழைத்து, 1940இல் அதை நிறுவினார். அதே காலத்தில் அமெரிக்காவின் சிகாகோவில் டிக்சன் என்ற பேராசிரியரும் வாரிங்கின் கேள்வியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிதம்பரத்தில் இருந்தபடியே பிள்ளை அவருக்கு ஈடுகொடுத்தார்.

பின்னர் அவர் திருவிதாங்கூர், கல்கத்தா பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார். 1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் அவரை ஓராண்டு தங்கி ஆய்வு செய்ய அழைத்தது. அமெரிக்காவில் நடைபெறும் அனைத்துலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ள அவர் புறப்பட்டார். ஆனால், ஆகஸ்ட் 31ஆம் நாள் அவர் சென்ற விமானம் எகிப்தின் கெய்ரோ நகருக்கு அருகே பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 55 பேரும் உயிரிழந்தனர். அப்போது பிள்ளைக்கு வயது 49.

அவர் விட்டுச்சென்ற கேள்விகளுள் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. 4, 8, 9, 16, 25, 27, 32 என வர்க்கம், கனம் முதலிய அடுக்கு எண்களை வரிசைப்படுத்துங்கள். இவற்றுள் 1 வேறுபாடு கொண்ட இணை 8, 9 மட்டுமே என்பது 2002இல்தான் நிறுவப்பட்டது. 2 வேறுபாடு கொண்ட இணையாக 25, 27 ஆகியவற்றை அறிவோம். வேறு இணை உண்டா? எந்த வேறுபாட்டை எடுத்தாலும் இத்தகைய இணைகள் முடிவின்றித் தொடரமாட்டா என்பது பிள்ளையின் கணிப்பு. அதை நிறுவும் வேலை அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.