நாமகிரித் தாயாரின் அடியவர் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன்

திருக்குடந்தையில் ஸ்ரீ சார்ங்கபாணிப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலை நோக்கிச் செல்லும் ஸந்நிதி வீதியில் எளிய ஓட்டு வீடு ஒன்று நினைவில்லமாகப் போற்றப்பட்டு வருகின்றது. பெருமாளை ஸேவிக்கச் செல்லும் பக்தர்கள் பலர் அதனைக் கடந்தே செல்கின்றனர். உலகம் வியக்கும் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் வளர்ந்த இல்லம் அதுவே.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் கும்பகோணத்தில் புடைவைக் கடையொன்றில் கணக்கெழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடி வந்தவர். குடும்பத்தார் வழிபட்ட தெய்வம், நாமக்கல் க்ஷேத்திரத்தில் ஸ்ரீ நரஸிம்ஹ ஸ்வாமியுடன் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ நாமகிரித் தாயார். அத்தாயாரே கனவில் தமக்குக் கணித உண்மைகளை உணர்த்தியருளுவதாக ராமாநுஜன் நம்பினார். துயில் நீங்கியதும் அவற்றை எழுதி வைத்து, ஸரிபார்க்கவும் முற்படுவார் என்று அவரை அறிந்தோர் குறித்துள்ளனர். கனவைக் கூறுவோர் இந்தச் ஸரிபார்த்தலையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்தமையால் அவர் கல்லூரித் தேர்வில் தவறினார். 1909இல் ஜானகி அம்மாளை மணந்தார். பின்னர் 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அக்காலத்தில் அவர் சிந்தையைக் கவர்ந்தவற்றுள் பகா எண்களும் ஒன்று.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண்களே பகா எண்கள். 2, 3, 5, 7, 11, 13 என இவை தொடர்கின்றன. ஒன்றினும் பெரிய ஏனைய முழு எண்கள் யாவும் இவற்றின் பெருக்கத்தால் அமைந்தவை. இவற்றுக்கு முடிவில்லை என்பதை யவன தேசத்து யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே நிறுவினார். ஆயினும் அடுத்த பகா எண் எங்கே வரும் என்பது எளிதில் புலப்படுவதன்று. 100 வரை 25 பகா எண்கள் உள்ளன. 1,000 வரை 168. 10 லட்சம் வரை 78,498. இவ்வெண்ணிக்கையைத் தரும் சூத்திரம் யாது என்பதே பேரறிஞர்களை மயக்கிய வினா.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி எழுதிய நூலொன்றில் இவ்வினா முற்றும் தீரவில்லை என்று கண்ட ராமாநுஜன், 1913 ஜனவரி 16ஆம் நாள் அவருக்குக் கடிதம் எழுதினார். உண்மை எண்ணிக்கைக்கு மிக அணித்தான ஒரு சூத்திரத்தைத் தாம் கண்டதாகவும், அதன் பிழை புறக்கணிக்கத்தக்கது என்றும் அதில் தெரிவித்தார். கடிதத்திலிருந்த ஏனைய தேற்றங்கள் பல ஹார்டியைப் பெருவியப்பில் ஆழ்த்தின. எனினும் அவர் நிரூபணங்களைக் கேட்டே பதில் எழுதினார்.

பகா எண் சூத்திரத்தில் பிழை இருந்தது. சிறிய எண்களுக்கு அது வியத்தகு நெருக்கம் உடையது. 10 லட்சம் வரையிலும் ஏறக்குறைய முப்பதளவே மிகும். ஆனால் எண்கள் பெருகப் பெருக, அப்பிழையும் ஓர் எல்லைக்குள் நில்லாது. பகா எண்களின் போக்கை ஆளும் ஸீட்டா என்னும் சார்பு, கலப்பெண் தளத்தில் எண்ணற்ற இடங்களில் பூஜ்யமாகின்றது. அக்கணிதத்தைக் கற்பிப்பார் எவரும் ராமாநுஜனுக்கு வாய்க்கவில்லை.

தாயார் உணர்த்தியது பிழையாகுமோ என்று பக்தர் உள்ளம் கலங்குதல் இயல்பு. நம் பூர்வாசாரியர்கள் பிரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என்று பிரமாணங்களை வகுத்து, ஆராய்ந்தே பொருளைத் துணிந்தனர். உள்ளத்தில் தோன்றுவது ஒன்று; துணியப்படுவது ஒன்று. கடல் கடத்தல் கூடாதென்ற அக்கால ஆசாரம் குறுக்கே நின்றபோது, கோமளத்தம்மாளின் கனவில் தாயார் அநுமதி அளித்தருளினார் என்பர். அவ்வாறாயின், நிரூபணம் கற்கும் இடத்திற்கு அவரை அனுப்பியதும் அத்திருவருளே அன்றோ!

1914 மார்ச் 17ஆம் நாள் ராமாநுஜன் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் யுத்த காலத்தின் நெருக்கடியிலும் மரக்கறி உணவையே தாமே சமைத்து உண்டு, நியமம் வழுவாது வாழ்ந்தார். 1917இல் ஹார்டியும் அவரும் இணைந்து, ஓர் எண்ணில் வழக்கமாக எத்தனை பகாக் காரணிகள் அமையும் என்பதை நிறுவினர். ஒரு கோடியை ஒட்டிய எண்ணுக்கு அது சுமார் 3; ஒன்றன்பின் 80 பூஜ்யங்கள் இட்ட பேரெண்ணை ஒட்டியும் சுமார் 5 தான். 1918இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் பதவியும், ட்ரினிட்டி கல்லூரி பெல்லோ பதவியும் அவரை நாடி வந்தன.

நோயுற்றுக் கிடந்த அவரைக் காண 1729 என்னும் எண்ணுடைய வாடகைக் காரில் ஹார்டி வந்தார். அது சுவையற்ற எண் என்று அவர் கூற, இரு கனங்களின் கூட்டலாக இரு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்று ராமாநுஜன் உடனே விடையளித்தார். அவ்வெண்ணுக்கு மற்றொரு விந்தையும் உண்டு. பகா எண்ணா என்று அறியப் பெர்மா என்னும் அறிஞரின் விதிவழிச் செய்யும் சோதனையில், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணைக் கொண்டு சோதிப்பினும், 1729 பகா எண் போலவே தோற்றமளிக்கும். உண்மையில் அது 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கம். தோற்றத்தை நம்பி முடிவு செய்யலாகாது என்பதற்கு அதுவே சான்று. ஊகம் எதனையும் சாராமல் பகா எண்ணைப் பிழையின்றி விரைந்து அறியும் முறையை, 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர் கண்டனர்.

முன்னர்ப் பகா எண்களில் தவறிய ராமாநுஜன், 1919இல் அவற்றைப் பற்றியே குறையற்ற நிரூபணம் ஒன்றை வெளியிட்டார். ஒன்றினும் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்கிற்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டு என்பதை, இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் இரண்டே பக்கங்களில் நிறுவினார். அதிலிருந்து எழுந்த 2, 11, 17, 29, 41 முதலியவை ராமாநுஜன் பகா எண்கள் என்றே வழங்குகின்றன.

அவ்வாண்டே தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் தம் 32ஆம் வயதில் மறைந்தார். இறுதி நாட்களிலும் அவர் கணிதத்தை விடவில்லை. அருளால் தோன்றியதையும் ஆராய்ந்து தெளிந்த அவ்வடியவரை நினைந்து, ஸ்ரீ நாமகிரித் தாயார் ஸமேத ஸ்ரீ நரஸிம்ஹனின் திருவடிகளைப் பணிவோமாக.